இராத்திரி இரண்டு மணி வலி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அக்காள் வீடு. அவள் மகனுக்கு வயது பத்தொன்பது. தினமும் ரயிலேறிச் சிதம்பரம் போய்ப் படிக்கிறான். பந்து விளையாட்டில் பைத்தியம். ஆகவே, கணுக்கால் வலிக்கிறது என்று அவன் சொன்னதும், "சுளுக்கு!" என்று வீடே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. அப்புறம் கேட்பானேன்! உருவி விட ஒருவர், கட்டுப் போட ஒருவர், எண்ணெய் காய்ச்ச நாலு பேர். இப்படியே மூன்று மாதம் ஓடிப்போயிற்று. ஓரிடத்தில் எக்ஸ்ரேயும் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றுமில்லாத காலில் இராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் ஏன் வலி வரவேண்டும்? பையன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். ஓர் ஆஸ்பிரின் மாத்திரை போட்டால், சற்று நேரத்தில் வலி போன இடம் தெரியாது. மறுநாள் இராத்திரி மறுபடியும் ஆஜர்!

கடைசியில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறதே, அங்கேதான். டாக்டர் காலைத் தொடுவதற்கு முன் வாயைக் கிளறினார்.

"தம்பி, வலி நடந்தால் அதிகமா, படுத்தால் அதிகமா?"

"படுத்தால்தான், ஸார்."

"மாத்திரைக்குக் கேட்கிறதா?"

"நன்றாகக் கேட்கிறது, ஸார்."

பாதி வியாதி அந்த இரண்டு பதிலிலேயே அகப்பட்டுவிட்டதாம். மீதியை ஸி.டி. ஸ்கான் காட்டியது. கணுக்காலில் தாலஸ் என்ற எலும்புக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி. பெயர் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா. நியூயார்க் டாக்டர் ஜாஃபே என்பவர் 1935-இல் இதைத் தனி வியாதியென்று பிரித்துக் காட்டினார். வலியைக் கிளப்பும் ரசாயனப் பொருளை இந்தக் கட்டி தானே சுரக்கிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. மாத்திரைக்கு வலி அடங்கிய ரகசியம் இதுதான். பாத எலும்புகளில் இது சாதாரண எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்வதும் உண்டு.

"கட்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காள் முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர், அதுவா?" என்றாள். புற்றுநோய் என்ற பெயரைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அது இல்லை, அம்மா. இது பரவாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை" என்றார் டாக்டர்.

அப்படியும் நடராஜர் சந்நிதியில் நின்று அழுது தீர்த்தாள். எல்லோரும் தூக்கிய திருவடியைத்தான் பார்ப்பார்கள். அன்று என் கண் மட்டும் பாரத்தையெல்லாம் தாங்கும் ஊன்றிய பாதத்தை விட்டு அகலவில்லை.

பாதத்தில் வரும் சாதுவான கட்டிகள் வேறு சிலவும் உண்டு. கட்டை விரல் நகத்துக்கடியில் எலும்பு முளைத்துக் கால் ஆணி மாதிரி வேஷம் போடும். குதிகால் எலும்புக்குள் நீர்ப்பை உண்டாகும். தொந்தரவில்லாததை எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து வந்தாலே போதும். எலும்பை அரிப்பதைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தில் இடுப்பெலும்பின் துணுக்குகளை அடைப்பார்கள். சந்தேகமிருந்தால் முதலில் ஊசியால் துளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்த முடிவு தெரியும்வரை உருவி விடுகிறவரை வாசற்படி ஏற விடாதீர்கள். வயிற்றைப் புண்ணாக்கும் ஆஸ்பிரினையும் மாதக்கணக்கில் நீங்களாக விழுங்காதீர்கள்.

முன்பெல்லாம் இந்தப் பட்டாணியை எலும்பை வெட்டித்தான் எடுத்தார்கள். 1992 முதல் வேறு வழியும் வந்திருக்கிறது. ஸ்கானில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையால் சில நிமிஷம் சூடேற்றிக் கருக்கிவிடுகிறார்கள். பையன் சென்னையில் அதைச் செய்துகொண்டு மறுநாளே வீடு திரும்பினான்.

அன்று இராத்திரி அக்காள் தூங்கவில்லை. மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டிலருகில் காத்திருந்தாள். மணி இரண்டு அடித்தது, மூன்று அடித்தது. பையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.