சந்தை மாட்டின் கழுத்தில் சட்டக் கயிறு!



ஒரு வியாழக்கிழமை விடியலில் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். பவானி, அந்தியூர் பக்கத்து விவசாயி, பால் வற்றிய மாட்டைப் பிடித்தபடி நிற்பார். நம் வியாபாரி பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார். துண்டுக்குள் கையை மறைத்து விரல் பிடித்து விலை பேசுவார்கள். "இன்னொரு ஆயிரம் சேத்திக் குடுங்க பாய்" என்பார் அவர். "கட்டாதுங்க கவுண்டரே" என்பார் இவர். கடைசியில் பேரம் படியும், பணம் கை மாறும். சாதியும் மதமும் பார்க்காமல் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வியாபாரம் இது.

இந்த வியாபாரத்தை ஒரே ஒரு அரசு அறிவிக்கையால் முடக்கப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா?

2017 மே 23 தேதியிட்ட அறிவிக்கை அது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, கால்நடைச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டு வந்தது. மாடு, காளை, எருமை, ஒட்டகம் எதையும் அறுப்புக்காகச் சந்தையில் விற்கக் கூடாது. 'அறுப்புக்கு அல்ல' என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாங்குபவர் தாம் விவசாயி என்பதற்கு வருவாய்த் துறை ஆவணம் காட்ட வேண்டும். வாங்கிய மாட்டை ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது. மதக் காரியத்துக்குப் பலியிடக் கூடாது. விற்பனைச் சான்று ஐந்து படிகள் எடுத்துத் தாலுகா அலுவலகம் வரை கொடுக்க வேண்டும்!

இது முஸ்லிம்களின் வயிற்றில் மட்டும் அடித்த அடி என்று நீங்கள் நினைத்தால் தவறு. ஒரு சிறு விவசாயியின் கணக்கைப் பாருங்கள். இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம். ஒரு மாடு பால் வற்றிச் சினையும் பிடிக்காமல் போனால் தீவனச் செலவு நிற்குமா? அதைச் சந்தையில் கொடுத்து, வந்த பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து வேறு கறவை பிடிப்பார். கிழ மாட்டுக்கு விலை இருப்பதால்தான் கறவை மாட்டுக்கும் விலை நிற்கிறது. கடைசியில் வாங்க ஆள் இல்லை என்றால் முதலில் வாங்கவே ஆள் தயங்குவான். அடிமாட்டு வியாபாரியைச் சந்தையை விட்டு விரட்டினால், நட்டம் மாட்டுக்காரருக்குத்தான்!

அந்த விதிகள் எப்படி நின்றன? கல்லெறிந்தா? இல்லை, வழக்குப் போட்டு! 2017 மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறுப்பு விற்பனையைத் தடுத்த பிரிவுகளுக்கு நான்கு வாரம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டியது. விதிகளை மறுபரிசீலனை செய்வதாக மத்திய அரசு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. நம் தமிழ்நாட்டில் போட்ட ஒரு மனு இந்தியாவின் சந்தைகளையெல்லாம் காப்பாற்றியது!

ஆபத்து நீங்கிவிட்டது என்று உறங்கலாமா? கூடாது சகோதரர்களே!

பவானியிலிருந்து அந்தியூர், பர்கூர் மலை ஏறினால் அப்பால் கர்நாடகம். அங்கே 2020ஆம் ஆண்டுச் சட்டம், பசு, கன்று, காளை அனைத்தையும் அறுப்பதற்குத் தடை போட்டது. 13 வயது நிரம்பாத எருமைக்கும் அதே தடைதான். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நம் மாநிலத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்று சான்று பெற்ற மாட்டை அறுக்க வழி விடுகிறது. மலையின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம்!

நீதிமன்றம் எப்போதும் நம் பக்கமே என்றும் ஏமாற வேண்டாம். உழைப்புக்குப் பயன்படாமல் போன காளைகளையும் எருமைகளையும் அறுக்க முழுத் தடை போடுவது நியாயமற்றது என்று 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2005இல் குஜராத் வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்திலிருந்து விலகி, காளைகளுக்கான முழுத் தடையையும் ஏற்றுக் கொண்டது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்குவதைச் சட்டப்படி, மாட்டை வதைத்து ஏற்றிச் சென்ற முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஆனால் லாரியை மடக்கிய பிறகு நடப்பதென்ன? மாடுகள் கோசாலைக்குப் போகின்றன. 2017இல் வந்த வழக்குச் சொத்து விதிகளின்படி, வழக்கு முடியும் வரை தீவனச் செலவும் நம் தலையில், வண்டியும் பிணை. மாடு ஒன்று முப்பதாயிரம் என்று வைத்தாலும் ஆறு மாட்டுக்கு 1,80,000 ரூபாய் முடங்குகிறது. அபராதமோ ஐம்பது! இது தண்டனையா, கொள்ளையா? குற்றம் நிரூபணமாகும் முன்பே மாட்டைப் பறிப்பது மூலச் சட்டத்துக்கே முரண் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கண்டித்தது.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நம் குறையை ஒப்புக் கொள்வோம். 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின்படி சாதாரண லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்று, தண்ணீர், தீவனம், உடன் ஓர் ஆள் வேண்டும். மாடு ஏற்றும் வண்டிக்குத் தனி உரிமமும் உள்ளே தடுப்புகளும் வேண்டும் என்று 2015இல் மோட்டார் வாகன விதிகளிலும் சேர்த்து விட்டார்கள். நம்மில் சிலர் வாடகையை மிச்சம் பிடிக்க மாடுகளை நெருக்கித் திணிக்கிறோமா, இல்லையா? தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார், பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டாள் என்று போதித்த நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத் நாம். சட்டத்துக்குப் பயந்து அல்ல, அல்லாஹ்வுக்குப் பயந்து இதை நிறுத்துங்கள்!

அடுத்தது காகிதம். சந்தைச் சுங்க ரசீது, விற்றவர் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு, மருத்துவர் சான்று இல்லாமல் மாட்டை வண்டியில் ஏற்றாதீர்கள். தேர்தல் காலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டு போகும் பணத்துக்கும் ஆதாரம் வைத்திருங்கள்.

மூன்றாவதாக, உரிமையைத் தெரிந்து கொள்ளுங்கள். மாட்டைப் பறிமுதல் செய்யச் சட்டம் அதிகாரம் கொடுப்பது கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட காவல் அதிகாரிக்கும், மாநில அரசு அதிகாரம் அளித்தவருக்கும் மட்டுமே. காவித் துண்டு போட்டு வழிமறிக்கும் கூட்டத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது! அவர்களோடு கைகலக்காதீர்கள், போலீசை அழையுங்கள், புகார் எழுதிக் கொடுங்கள். மாடு பறிமுதலானால் மறுநாளே வழக்கறிஞரோடு மாஜிஸ்திரேட்டிடம் போய் இடைக்கால ஒப்படைப்புக்கு மனுப் போடுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 503 ஆகிய பிரிவுகள் அதற்கு வழி தருகின்றன. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தீவனக் கணக்கு ஏறும்.

இளைஞர்களே! உங்களில் சட்டம் படித்தவர்கள் எத்தனை பேர்? வாரம் ஒரு காலைப் பொழுதை இந்தச் சமுதாயத்துக்குக் கொடுக்க முடியாதா? சந்தை வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். நம் வியாபாரிக்கு மட்டுமல்ல, படிக்கத் தெரியாத விவசாயிக்கும் சீட்டு எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய விவசாய சங்கங்களோடு கைகோத்து நில்லுங்கள். மாட்டுக்காரரும் மாட்டு வியாபாரியும் சேர்ந்து மனுக் கொடுத்தால், 'இது ஒரு மதத்தின் பிரச்சினை' என்று எந்த அரசியல்வாதியும் தட்டிக் கழிக்க முடியாது.

கூடுதுறையில் பவானியும் காவிரியும் கலந்த பிறகு, எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க முடியுமா? இந்தச் சந்தையில் நம் பிழைப்பும் அவர்கள் பிழைப்பும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரிக்க நினைப்பவர்களுக்குச் சட்டத்தின் வழியிலேயே பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்!