வாசற்படியும் நமது தீர்ப்பும்

“பூசைக்கு வருவதே இல்லை, விசுவாசம் குன்றிவிட்டது” என்று ஒரு சகோதரியைப் பற்றித் தீர்ப்பிடுகிறோம். பேருந்தில் ஏறினால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. கூட்டத்தில் மயங்கினால் தப்ப வழியிராதே என்ற அச்சம் அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. இதனைச் சோம்பல் என்கிறோம். பேய் என்றும் சொல்லத் துணிகிறோம். மேய்ப்பர்களாகிய நாமும் இப்பழிக்கு விலக்கல்லர்.

இது நோய். 1871-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் இதற்கு ‘அகோராபோபியா’ எனப் பெயரிட்டார். பேருந்துப் பயணம், திறந்தவெளி, மூடிய அரங்கு, கூட்டம், வெளியே தனித்திருத்தல் ஆகியவற்றுள் இரண்டிலேனும் இத்தகைய அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து வாழ்வை முடக்கினால், மனநல மருத்துவரை நாடவேண்டும்.

“செபம் போதாதா?” என்பர். செபிப்போம். ஆனால் கால் முறிந்தவருக்குச் செபமாலையோடு நிறுத்திக்கொள்கிறோமா? மருத்துவரை மதிக்கும்படி கற்பிக்கும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரமும் நமது மறைநூலே அன்றோ!

அஞ்சும் இடங்களைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளச்சிகிச்சையும், தேவையெனில் மருந்தும் பலன் தருகின்றன. வலிந்து இழுத்துச் செல்வது உதவியன்று; எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்து வீட்டிலேயே இருத்திவிடுவதும் உதவியன்று. வெளியே வர இயலாதவர் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் முதலில் பேசட்டும். பின்பு மருத்துவமனைக்கு நாம் உடன் செல்வோம்.

இன்று தெருமுனை வரை அவரோடு நடப்போம். ஆலயம் காத்திருக்கும்.