ஏழாம் நம்பர் எங்கே?

நியூயார்க்கில், குவீன்ஸில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருக்கும் ஒரு மாமி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கேபிளுக்கு மாதாமாதம் கொட்டிக் கொடுப்பானேன் என்று மாப்பிள்ளை ஓர் ஏரியல் வாங்கி வந்தாராம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் சாமான். அப்பளம் மாதிரி மெல்லிசு. டெலிவிஷனில் இரண்டாம் நம்பர் பளிச்சென்று வருகிறது. ஏழாம் நம்பர் வரவே இல்லை! பகலெல்லாம் தனியாக இருக்கும் மாமிக்குப் பனிப்புயல் சமாசாரம் சொல்வது அந்த ஏழுதான். "மாப்பிள்ளை ஆசையாக வாங்கியது; குறை சொல்ல வாய் வரவில்லை" என்கிறார்.

மாமி, குறை மாப்பிள்ளையிடம் இல்லை. நம்பர்தான் வேஷம் போடுகிறது!

அமெரிக்காவின் பெரிய ஸ்டேஷன்கள் 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு பழைய முறையை விட்டு முழுக்க டிஜிடலுக்கு வந்துவிட்டன. அதையொட்டியும் பிறகும் பல ஸ்டேஷன்கள் வேறு அலைவரிசைக்குக் குடிபோயின. வாசலில் மட்டும் பழைய நம்பர் பலகை! திரையில் 2 என்று தெரிவது உண்மையில் 36-இல் வருகிறது. ஏழோ இன்னும் ஏழிலேயே இருக்கிறது.

அதனால் என்ன என்கிறீர்களா? 36-க்கு ஏரியல் நுனிக்கு நுனி சுமார் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் இருந்தால் போதும். ஏழுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டு முழம் வேண்டும். அப்பளத்துக்கு ஏது அவ்வளவு நீளம்?

இழுத்து நீட்டும் இரண்டு கம்பிகள் கொண்ட 'முயல் காது' ஏரியலே உங்களுக்குச் சரி. 'வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இரண்டும்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'எச்.டி. ஏரியல்', 'இத்தனை மைல்' என்ற ஜம்பங்களுக்கு மயங்க வேண்டாம். எஃப்.சி.சி. என்ற அரசாங்க அமைப்பின் இணையதளத்தில் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், எந்த ஸ்டேஷன் எந்தத் திசையில், எந்த அலைவரிசையில் என்று காட்டிவிடும்.

ஏரியலை மன்ஹாட்டனைப் பார்த்த ஜன்னலருகே வையுங்கள். டெலிவிஷனுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். வைத்தபின் 'ஸ்கேன்' செய்ய மறக்க வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "நீங்கள் வாங்கியது நன்றாகத்தான் இருக்கிறது; அதற்கு இரண்டு காது மட்டும் வேண்டும்" என்று சொல்லுங்கள், மாமி. சிரித்துக்கொண்டே வாங்கி வருவார்!