முற்றத்துத் தணலும் சின்னஞ்சிறு விருந்தினரும்

முற்றத்தில் அடுப்பு மூட்டி, இறைச்சியையும் மீனையும் கிழங்கையும் தணலிலே வாட்டி, உறவினரும் அயலவருமாகச் சூழ்ந்திருந்து உண்ணும் வழக்கம் இப்பொழுது நம்மவர் வீடுகளிற் பெருகி வருகின்றது. மேனாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ‘பார்பிகியூ’ என்று இதற்குப் பெயர் வழங்குகின்றனர். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்னும் பழங்குடியினர் இறைச்சியை நெருப்பின்மேல் வாட்டுதற்குக் கட்டிய மரப்பரணின் பெயரை ஸ்பானியர் ‘பார்பக்கோவா’ எனக் கைக்கொண்டனர். அதுவே திரிந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பெயர் புதியதாயினும் செயல் நமக்கு அத்துணைப் புதியதன்று. நிலாக் காலத்தில் முற்றத்திலே பெரும்பானை வைத்து ஒடியற் கூழ் காய்ச்சி, பலாவிலையைக் கோலிக் குடித்த ஊராருக்குத் திறந்த வெளியிற் கூடி உண்ணும் இன்பத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் இப்புதிய விருந்துகள் பலவற்றில் ஒரு குறை காணப்படுகின்றது. பெரியவர்க்கு வேண்டியன யாவும் நிறைந்திருக்கும். உடன் வந்த குழந்தைக்கு உண்ணத்தக்கது ஒன்றும் இராது. அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில் மிளகாய்த்தூளில் இரவு முழுவதும் ஊறிய கோழி இருந்தது. மிளகும் உப்பும் அப்பிய இறால் இருந்தது. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலும் பாணும் இருந்தன. மூன்று வயதுக் குழந்தை ஒன்று கோழித் துண்டைக் கடித்துவிட்டு வீறிட்டு அழுதது. யாரோ ஓடிச் சென்று விசுக்கோத்துப் பெட்டியைக் கொணர்ந்து கொடுத்தனர். அதன் தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறே மதிலோரமாக உலாவிக்கொண்டிருந்து, எட்டரை மணியளவில் விடைபெற்றுச் சென்றுவிட்டார். அக்குடும்பத்திலிருந்து விருந்துக்கு வந்தவர் நால்வர். வயிறார உண்டவர் ஒருவர். அவர் யாரென்று சொல்ல வேண்டுவதில்லை.

திருக்குறளிலே மக்கட்பேறு 7ஆம் அதிகாரமாகவும் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இடையிலே நிற்பது அன்புடைமை. வகுப்பறையில் இவ்வரிசையைக் கூறும்போதெல்லாம், குழந்தைகளோடு வரும் விருந்தினரையே வள்ளுவர் மனத்திற் கொண்டு வைத்தாரோ என்று வேடிக்கையாக எண்ணுவதுண்டு.

முதலாவது செய்யத்தக்கது, அழைக்கும்போதே கேட்டு அறிதல். ஆயின் நம்மவரிடம் நேராகக் கேட்டாற் பயன் விளையாது. “தங்கச்சி, பிள்ளையள் என்ன சாப்பிடுவினம்?” என்று கேட்டால், “ஒண்டும் வேண்டாம் அக்கா, இருக்கிறதைச் சாப்பிடுவினம்” என்றே விடை வரும். அது மரியாதைக்குச் சொல்லும் விடை. “நேற்று இரவு சின்னவன் என்ன சாப்பிட்டவன்?” என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளிவரும். இடியப்பமும் சொதியும் என்பார். அல்லது பாணும் வாழைப்பழமும் என்பார். அதோடு, எந்த உணவேனும் ஒவ்வாமல் உடம்பு தடித்ததுண்டா, மூச்சு முட்டியதுண்டா என்பதையும் மறவாது கேட்க வேண்டும். கச்சான், மரமுந்திரிகைப் பருப்பு, முட்டை, பால், இறால், நண்டு என்பன சில குழந்தைகளுக்கு ஒவ்வா. ஒவ்வாமை கடுமையாயின் உயிருக்கே இடராகும். அத்தகைய குழந்தை வருமாயின், இறால் வாட்டிய தட்டியிலே அதற்கு வேறொன்றை வாட்டுதலும் ஆகாது.

இனி உணவுக்கு வருவோம். குழந்தைகளுக்கெனத் தனிச் சமையல் செய்யவேண்டுமென்று நாம் கூறவில்லை. வீட்டுப் பெண்களுக்குள்ள வேலை போதும். மிளகாய் சேர்க்குமுன் ஒரு பங்கை எடுத்து வைத்தல் ஒன்றே வேண்டுவது. கூழ் காய்ச்சிய நாட்களில், மிளகாயும் புளியும் கரைத்து ஊற்றுமுன் மரவள்ளிக்கிழங்கையும் பலாக்கொட்டையையும் பயிற்றங்காயையும் ஒரு கோப்பையில் அள்ளிச் சிறுவர்க்கென ஒதுக்கி வைத்த பாட்டிமாரை நாம் கண்டிருக்கின்றோம். அம்முறையே இதற்கும் பொருந்தும். கோழியிலோ மீனிலோ குழந்தைகளின் பங்கைப் பிரித்து, மஞ்சள், சிறிது உப்பு, சீரகத்தூள், தேசிக்காய்ப்புளி, இரண்டு கரண்டி தயிர் என்பவற்றில் ஊறவிட்டால் அதுவே போதும். வாட்டும்போது பெரியவர்களின் பங்குக்கு முன்னதாகத் தட்டியில் இடவேண்டும். பின்னர் இட்டால் தட்டியில் ஒட்டிய காரம் இதிலும் ஏறிவிடும். அவ்வாறிருந்தும் ஒரு குழந்தை காரத்தைக் கடித்துவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. மிளகாயின் காரப்பொருள் நீரிற் கரைவதன்று. பாலோ தயிரோ கொடுத்தால், அவற்றிலுள்ள புரதமும் கொழுப்பும் அதனைப் பற்றி நாவினின்றும் அகற்றும். ஆதலின் ஒரு சட்டி தயிர் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் நன்று.

பச்சைமிளகாய் இல்லாத தேங்காய்ப்பாற் சொதியும் இடியப்பமும் ஒரு மூலையில் இருந்துவிட்டால் பாதிக் கவலை ஒழிந்தது. வாட்டிய மீனின் சதையை உதிர்த்துச் சொதியில் இட்டு இடியப்பத்தோடு பிசைந்து கொடுத்தால், மீனே தொடாத குழந்தையும் உண்ணும். இதற்குச் சிறுமுள் மீன்கள் ஆகா. அறக்குளா, சூரை போன்ற பெருமீன்களின் நடுத்துண்டே ஏற்றது. சூரை மீனை வாங்கியவுடன் பனிக்கட்டியில் இடவேண்டும். வெயிலிற் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு உண்டாகும். அதனை எவ்வளவு சுட்டாலும் போக்க முடியாது.

ஆடி ஆவணியில் வரும் உறவினர்க்கு வேறொரு நிலை உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழா நடைபெறும் 25 நாட்களும் மச்சமாமிசம் விலக்கும் வீடுகள் பல. அந்நாட்களிற் தணல் விருந்து எவ்வாறு நடக்கும் என்று சிலர் மலைக்கின்றனர். நம் கருத்தில், குழந்தைகளைப் பொறுத்தமட்டில் அதுவே மிகச் சிறந்த விருந்து. வற்றாளங்கிழங்கை மண்போகக் கழுவித் தோலுடன் தணலிற் புதைத்து, முக்கால் மணி நேரத்தின்பின் எடுத்துப் பிளந்தால் உள்ளே பாகுபோல இனித்திருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கும் அதனை மசித்துக் கொடுக்கலாம். வாழைப்பழத்தைத் தோலோடு கருகும்வரை வாட்டிக் கரண்டியால் எடுத்துண்ணலாம். சோளக் கதிரை வாட்டி, சிறியோர்க்கு மணிகளைச் சீவி நசுக்கிக் கொடுக்க வேண்டும். பலாக்கொட்டை சுடுவதாயின் ஒவ்வொன்றையும் கத்தியாற் கீறிய பின்னரே நெருப்பில் இடுக. கீறாவிட்டால் வெடித்துத் தெறிக்கும். மரமுந்திரிகைக் கொட்டையைச் சிறுவர் சூழ்ந்திருக்கையிற் சுடவே கூடாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொக்களிக்கச் செய்யும்.

பனம்பழம் விழுங் காலமும் பெரும்பாலும் இதனை ஒட்டியே வரும். பழத்தை முழுதாக நெருப்பில் உருட்டி உருட்டிச் சுட்டு, கருகிய தோலை உரித்து, நாரோடு கூடிய களியைச் சூப்பிச் சுவைத்த இன்பத்தை நம் தலைமுறையார் மறத்தல் அரிது. கைகளும் கன்னமும் மேற்சட்டையும் மஞ்சளாகும், மஞ்சளானால் ஆகட்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதனை முதலில் முகஞ் சுளித்து நோக்குவர். பின்னர் கொட்டையைக் கையிலிருந்து வாங்குதல் பெரும்பாடாகும். நாரைச் சமாளிக்க இயலாத சிறு குழந்தைக்குக் களியைப் பிழிந்து வடித்தெடுத்து, மாவுஞ் சீனியுஞ் சேர்த்துப் பொரித்த பனங்காய்ப் பணியாரம் இருக்கின்றது. அதனை முதல் நாளே செய்து வைக்கலாம்.

சில பண்டங்களைப் பற்றிக் கண்டிப்பாகக் கூறவேண்டியுள்ளது. 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழல் மிக ஒடுங்கியது. மென்று அரைக்கும் ஆற்றலும் குறைவு. வட்டமாக நறுக்கிய சொசேஜ் துண்டு அக்குழலின் வாயைத் தக்கைபோல் அடைத்துவிடும். அதனை நீளவாட்டில் நான்காகக் கீறிப் பின் சிறு துண்டுகளாக்க வேண்டும். முந்திரிகைப் பழத்துக்கும் இவ்விதியே. முழுக் கச்சானும் கடின மிட்டாயும் அவ்வயதினர்க்கு அறவே ஆகா; றம்புட்டானை உரித்து, கொட்டை நீக்கி, கிழித்துக் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உண்ண விடாது ஓரிடத்தில் இருத்தி ஊட்டுதல் மிக அவசியம். மேலும், இக்காலத்தில் கோழிக்குத் தேன் பூசி வாட்டுகின்றனர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வுருவிலும் ஆகாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை விளைக்கும் நுண்வித்துக்கள் தேனில் இருக்கக்கூடும். வாட்டும் சூட்டில் அவை அழிவதில்லை. தேன் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும் என்று வாதிக்கும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். அவரோடு வாதாடாது, கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்துவிடுதலே உத்தமம்.

கோழி வெளியே கருகியும் எலும்பருகே பச்சையாகவும் இருத்தல் தணற் சமையலின் பெருங்குற்றம். உள்ளே 74 பாகை செல்சியஸ் சூடு ஏறினாலன்றிக் கிருமிகள் சாகா. வெப்பமானி இல்லாத வீட்டில், குழந்தைகளின் பங்கை அடுப்பிற் பானையில் முற்றாக அவித்து, உடனேயே தணலில் வாட்டி மணமேற்றுதல் எளிது. பச்சைக் கோழி இருந்த தட்டில் வெந்ததை வைத்தலும், ஊறிய நீரை வெந்ததன்மேல் ஊற்றுதலும் பெரும் பிழைகள். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தல் கூடாது. வெயில் 32 பாகைக்கு மேற்பட்ட நாளில் 1 மணி நேரமே எல்லை.

குடிப்பதற்கு இளநீரும் உப்புக் குறைந்த மோரும் உள்ளபோது போத்தற் பானங்கள் எதற்கு? கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கவும். பனிக்கட்டியையும் அந்நீரிலேயே செய்யவும். ஆயின் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இதுவும் போதாது. குடாநாட்டில் தோட்டங்கள் செறிந்த பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியுள்ளது. கொதிக்கவைத்தலால் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமே யன்றிக் குறையாது. அத்தகைய இடங்களிற் பால்மா கரைக்கச் சோதிக்கப்பட்ட நல்ல நீரையே பெற்றுவைக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரட்டைக்கரி மூட்டித் தணல் வெண்சாம்பல் பூத்து வருதற்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் செல்லும். விருந்தினர் வந்தபின் மூட்டத் தொடங்கினால், குழந்தைகள் பசித்துத் தூங்கிய பின்னரே உணவு வரும். ஐந்தரை மணிக்கே மூட்டி, ஆறரைக்குச் சிறுவர்களின் பந்தியை முடித்துவிட்டால் தாய்மார் ஆறுதலாக உண்ணலாம். அப்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆடவர் ஏற்றல் வேண்டும். தட்டியைச் சுற்றி நின்று ஆலோசனை கூறுவதற்கு எத்தனை பேர்தான் தேவை?

எரிகின்ற நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவோரை உடனே தடுக்கவேண்டும். அடுப்பைச் சுற்றி 3 அடிக்குச் சுண்ணாம்பினாற் கோடு கீறி, அதனைத் தாண்டக்கூடாதெனச் சொன்னால் பிள்ளைகள் அதையே விளையாட்டாகக் கொண்டு காவல் செய்வர். மழை வந்ததென்று தணற்சட்டியை விறாந்தைக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுசெல்லல் ஆகாது. கரியிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் அறியாமலே உயிரைக் கவர்ந்துவிடும். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால், 20 நிமிடம் ஓடும் குளிர்நீரிற் பிடித்திருப்பதே முதல் வைத்தியம். பற்பசையும் நெய்யும் பூசுதல் தீங்கு. எல்லாம் முடிந்தபின் தணலை மண்ணால் மூடிவிட்டு உறங்கச் செல்பவர் பலர். மண்ணுக்குள் அது பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். விடிந்ததும் வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடுகின்றவர்கள் குழந்தைகளே. ஆகவே வாளி நீரை ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, கையை அருகே நீட்டிச் சூடில்லையென்று உறுதி செய்தபின்னரே விளக்கை அணைக்கவேண்டும்.

மிஞ்சிய இறைச்சியைப் பொதிசெய்து குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். உண்ணாமலே தோளிற் சாய்ந்து நித்திரையாகிவிட்ட குழந்தை எப்போதும் ஒன்றிருக்கும். அதன் பங்குக்கு ஆறிய பணியாரம் நாலைந்தை வாழையிலையிற் சுற்றித் தாயின் கைப்பையில் வைத்துவிடலாம். காலையில் எழுந்ததும் அது கேட்கும்.