கணக்குக் கேட்டால் சேவை கெட்டுப்போகுமா?

"புண்ணியத்துக்குப் பண்ற எடத்துல போயி கணக்குக் கேக்கலாமா அண்ணாச்சி?"

ஆலங்குளம் பக்கம் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். படித்தவர், படிக்காதவர், வாத்தியார், கமிஷன் கடைக்காரர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. வயதானவர்களை வைத்துப் பார்ப்பது புண்ணியம், அதைச் செய்கிறவர்கள் பெரிய மனசுக்காரர்கள், அவர்களிடம் போய் எதற்கு எவ்வளவு என்று கேட்பது பெற்றோரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்ட பிள்ளையின் கஞ்சத்தனம் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு. அது பார்வைக்கு மரியாதைபோலத் தெரிந்தாலும், எழுந்து நடமாட முடியாத வயதில் ஒருவரின் கடைசிச் சேமிப்பு எங்கே போகிறது என்று யாரும் கேட்காமல் இருப்பதற்கே உதவுகிறது.

நம் ஊரில் சாமி காரியத்துக்கே கணக்கு உண்டு. அம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ முடிந்த சில நாளில் ஊர்க்கூட்டம் போடுகிறோம். தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலானது, யார் பாக்கி, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு என்று நோட்டைப் பிரித்து வாசிக்கிறார்கள். "பூவுக்கு இவ்வளவா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். வரவு செலவு பார்த்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டவரைப் பார்த்து ஆத்தாளை அவமதித்துவிட்டாய் என்று யாரும் சொன்னதில்லை. கணக்கு வாசிக்காத வருஷம்தான் ஊரில் சண்டை வரும். சாமிக்கு முன்னால் கூசாத நாம், அம்மாவைச் சேர்க்கப்போகிற இல்லத்தின் அலுவலக மேசைக்கு முன்னால் மட்டும் ஏன் வாயைக் கட்டிக்கொள்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் வருகிறது. தென்காசி மாவட்டத்துக் கிராமங்களில் தெருத்தெருவாகப் பார்த்தால் பிள்ளைகள் சென்னையில், திருப்பூரில், பெங்களூரில், வளைகுடாவில். வீட்டில் இரண்டு கிழங்கள், சில வீடுகளில் ஒன்றே ஒன்று. இனி முதியோர் இல்லம் என்பது கைவிடப்பட்டவர்கள் போகிற இடம் மட்டும் அல்ல. மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பார்க்கிற அறக்கட்டளை இல்லங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரைச் சுற்றி வளர்ந்திருப்பதுபோல, வீட்டை விற்றோ குத்தகைக்கு விட்டோ, உணவும் மருத்துவக் கவனிப்பும் தருவதாகச் சொல்கிற ஓய்வுக் குடியிருப்புகளும் இருக்கின்றன. இரண்டிலும் பணம் கைமாறுகிறது. பணம் கைமாறுகிற இடத்தில் வாங்குகிறவர் விலை சொல்லியாக வேண்டும், கொடுக்கிறவர் அதைக் கேட்டாக வேண்டும்.

சரி, விலை என்று எதைச் சொல்கிறார்கள்? மாதக் கட்டணம் 18,000 என்று ஓர் இல்லம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கூடவே, வட்டியில்லாத, திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 10 லட்சம். 'திருப்பித் தரக்கூடிய' என்ற சொல்லைக் கேட்டதும் மனசு லேசாகிவிடுகிறது. காசு எங்கேயும் போகவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அதே 10 லட்சத்தை ஆலங்குளம் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு, வட்டி 8.2 சதவீதம் என்று கொண்டால், வருஷத்துக்கு 82,000 ரூபாய் கைக்கு வரும். மாதக் கணக்கில் 6,800 ரூபாய்க்கு மேல். அந்த வட்டியை இழந்துதான் டெபாசிட் கட்டுகிறோம். ஆக, 18,000 என்று சொன்ன இடத்தின் உண்மையான மாத விலை 25,000-ஐ ஒட்டி வருகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது, கேட்டால்தான் தெரியும். அந்த டெபாசிட் யார் பெயரில், எந்தக் கணக்கில் கிடக்கிறது, அதை எடுத்து அடுத்த கட்டடத்துக்குப் போட்டுவிட்டார்களா, இல்லத்தில் இருந்தவர் காலமான பிறகு எத்தனை நாளில் வாரிசு கைக்கு வரும், அதிலிருந்து பெயின்ட் அடிக்கவும் பழுது பார்க்கவும் எவ்வளவு கழிப்பார்கள் என்ற கேள்விகளும் இந்தப் பணத்தோடு சேர்ந்தவைதான்.

அடுத்தது ஏற்றம். "வருஷா வருஷம் கொஞ்சம் கூடும் சார், விலைவாசி ஏறுதில்ல" என்று சொல்வார்கள். நியாயம்தான், அரிசியும் கேஸும் சம்பளமும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? வருஷம் 10 சதவீதம் ஏறினால், எழுபது வயதில் 18,000 கட்டிக்கொண்டு நுழைந்தவர் எண்பது வயதில் மாதம் 46,600 ரூபாய்க்கு மேலும், எண்பத்தைந்தில் 75,000 ரூபாய்க்கு மேலும் கட்டவேண்டியிருக்கும். அரசு ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி கூடும். தனியார் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருங்கால வைப்புநிதியிலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அது கிடையாது. முதல் நாள் வாங்கிய தொகையைத்தான் கடைசி நாளும் வாங்குவார். இந்த இரண்டு கோடுகளும் எந்த வயதில் ஒன்றையொன்று வெட்டும் என்று சேரும் நாளிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். போடாமல் விட்டால், எண்பத்திரண்டாவது வயதில் இடத்தைக் காலி செய்யச் சொல்லும்போதுதான் அது தெரியவரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைப்பு இனிதான் வருகிறது. பல இல்லங்களில் சேர்க்கும்போதே ஒரு நிபந்தனை இருக்கும்: தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவராக இருக்கவேண்டும். அதாவது நடக்கிறவரை இடம் உண்டு, விழுந்துவிட்டால்? "கடைசி வரைக்கும் பார்த்துக்குவாங்க" என்று சொல்லித்தான் குடும்பமே அவரை அனுப்பிவைத்தது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ நினைவு தப்பியோ படுக்கையில் விழுந்ததும் கணக்கு முழுக்க மாறிவிடுகிறது. பகல் அட்டெண்டர் தனி, ராத்திரி அட்டெண்டர் தனி. டயபர், கையுறை, காற்று மெத்தை, மூக்குவழிக் குழாய், யூரின் டியூப் மாற்ற வருகிற நர்ஸ், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது என ஒவ்வொன்றும் தனிக் காசு. இவை தேவையான செலவுகள்தான். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப்போட்டுத் துடைத்து உடுத்திவிடுகிற வேலையைச் செய்கிற பெண்ணுக்கு நல்ல சம்பளம் கிடைக்க வேண்டும். ஆனால் இதற்கு இவ்வளவு என்ற தாள் சேரும் நாளில் யாருக்கும் காட்டப்படுவதில்லை. நீண்டகாலப் பராமரிப்பு என்பதே இந்தக் கட்டம்தான். அதற்கு விலை சொல்லாதவர் விலை சொன்னதாகவே ஆகாது.

என் சொந்தக்காரர் ஒருவர் இப்படி ஓர் இல்லத்தில் தன் அம்மாவுக்காகக் கட்டிய ரசீதுகளை என்னிடம் காட்டினார். இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் ஆறேழு ரசீதுகளில் 'மாதக் கட்டணம்' என்று அச்சடித்த வரி. அம்மா விழுந்த மாதத்திலிருந்து அதற்குக் கீழே 'இதர பராமரிப்பு' என்று பேனாவால் எழுதிய இன்னொரு வரி. அதற்கு நேரே ஒரு தொகை. அடுத்த மாதம் வேறு தொகை, அதற்கடுத்த மாதம் இன்னும் கூடுதல். எத்தனை டயபர், எத்தனை நாள் அட்டெண்டர் என்று எதுவும் இல்லை. "கேட்டீங்களா?" என்றேன். "எப்படிக் கேக்க? அம்மா அங்கதான படுத்திருக்கா" என்றார்.

இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குக் கேட்கக் கூடாது என்ற நம்பிக்கைக்கு அடியில் கிடப்பது உண்மையில் இந்தப் பயம்தான். நாம் கேட்டால் அந்தக் கோபத்தை அம்மா மேல் காட்டிவிடுவார்களோ, ராத்திரி கூப்பிட்டால் வராமல் இருந்துவிடுவார்களோ, ஈரத் துணியோடு கிடத்திவிடுவார்களோ என்ற பயம். பயத்துக்குப் பக்தியின் உடை மாட்டிவிட்டு, சேவை செய்கிற இடத்தில் கேட்கக் கூடாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். பயப்படுகிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பயமே ஒன்றைக் காட்டுகிறது: உள்ளே ஆள் போனபிறகு கேட்கிற பலம் யாருக்கும் இருக்காது. அதனால் எல்லாக் கேள்வியையும் வாசல் தாண்டும் முன்பே கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்கிவிட வேண்டும். அதைப் பிள்ளையின் தைரியத்துக்கு விடாமல், எழுதித் தரவேண்டியது இல்லத்தின் கடமை என்று சட்டம் சொல்ல வேண்டும்.

இல்லம் நடத்துகிறவர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. முதுமை எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும், முன்கூட்டியே எப்படி விலை சொல்ல முடியும் என்பார்கள். ஒருவருக்கு என்ன நோய் வரும் என்று யாரும் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்ன நிலைக்கு இன்ன கட்டணம் என்று சொல்ல முடியும். தானே நடப்பவருக்கு, கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் தேவைப்படுபவருக்கு, படுத்துவிட்டவருக்கு, நினைவு தப்பியவருக்கு என்று பிரித்து எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. இதில் நாணயமாக நடத்துகிறவருக்குத்தான் ஆதாயம். முழுச் செலவையும் முதலிலேயே சொல்கிறவர், பாதியை மறைத்துக் குறைத்துச் சொல்கிறவரோடு போட்டிபோட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறார். எல்லோரும் எழுதியே ஆகவேண்டும் என்றால் அந்தப் போட்டி நேராகும்.

சேவைக்கும் கணக்குக்கும் ஆகாது என்கிறவர்கள் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஆய்க்குடியைப் பார்க்கட்டும். கழுத்துக்குக் கீழே அசைய முடியாத நிலையில் இருந்துகொண்டு எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிறது. ஆண்டறிக்கை போட்டு, வரவு செலவைச் சொல்லித்தான் அது இத்தனை பெரிதாக வளர்ந்திருக்கிறது. கணக்குச் சொன்னதால் அங்கே எந்தச் சேவையும் குறையவில்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற எந்த அமைப்பும் ஒன்றிய அரசுக்கு ஆண்டுக் கணக்கு காட்டியாக வேண்டும். நன்கொடையாளருக்குக் கணக்கு உண்டு, அரசுக்குக் கணக்கு உண்டு, ஆடிட்டருக்குக் கணக்கு உண்டு. மாதாமாதம் தன் பென்ஷனைக் கட்டிவிட்டு அதே கட்டடத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை?

கணக்குத் தெரியாமல் இருப்பதில் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. இங்கிலாந்தின் மிகப்பெரிய முதியோர் இல்ல நிறுவனமாக இருந்த சதர்ன் கிராஸ் 2011-இல் விழுந்தது. ஏறத்தாழ 750 இல்லங்கள், அவற்றில் 31,000 முதியவர்கள். கட்டடங்களை விற்றுவிட்டு, வருஷா வருஷம் ஏறுகிற வாடகைக்கு அதே கட்டடங்களைத் திரும்ப எடுத்து நடத்தியது அந்த நிறுவனம். வருமானம் குறைந்தபோது வாடகை கட்ட முடியவில்லை. தான் படுத்திருக்கிற அறை வேறொருவருக்குச் சொந்தம் என்பது அங்கிருந்த பாட்டிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இல்லங்கள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போயின. ஆஸ்திரேலியாவில் 2014 ஜூலை முதல், இல்லங்கள் அறைக்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்கும் என்பதை அரசின் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். இல்லம் திவாலானால் முதியவரின் டெபாசிட்டுக்கு அரசே பொறுப்பேற்கிற திட்டமும் அங்கே இருக்கிறது.

இங்கே என்ன இருக்கிறது? 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி செய்தது. ஆதரவற்றவர்களுக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்றது. கட்டணம் வாங்குகிற இல்லம் விலையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் அது வாய் திறக்கவில்லை. இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவை முடிந்து மசோதாவும் காலாவதியானது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீட்டைக் கட்டி ஒப்படைக்கிறதுவரை துணை நிற்கும். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஏறப்போகிற மாதக் கட்டணம் அதன் கைக்கு எட்டாது. 2019-இல் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக் குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுகிறவர், சேவை தருகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது அது. நல்ல யோசனைதான், ஆனால் மாதிரிதான்; மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் உயிர் வரும். சொந்தப் பிள்ளைக்கே சொத்தை எழுதிக்கொடுக்கும்போது 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்த்து எழுது, பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவு. பெற்ற பிள்ளைக்கே நிபந்தனை எழுதச் சொல்கிற நாட்டில், முன்பின் தெரியாத நிர்வாகத்திடம் வெறும் வாய்வார்த்தையை நம்பி 10 லட்சம் கொடுக்கிறோம்.

இதெல்லாம் வசதியானவர்கள் பாடு, நமக்கென்ன என்று சிலர் சொல்கிறார்கள். ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் முக்கூடலிலும் நாற்பது வருஷம் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பெண்களை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயானது. அதற்குப் பிறகு எத்தனையோ கோரிக்கை, எத்தனையோ போராட்டம்; தொகை அங்கேயே நிற்கிறது. அப்படி ஒரு பாட்டியை இல்லத்தில் சேர்த்தால் மீதிப் பணத்தைத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகன்தான் அனுப்ப வேண்டும். லட்சம் லட்சமாக வைத்திருப்பவரை ரசீதில் பேனாவால் எழுதிய அந்த ஒரு வரி அசைக்காது. அந்த மகனை அது வட்டிக்கடைக்கு அனுப்பிவிடும்.

தென்காசி மாவட்ட நிர்வாகம் டெல்லிக்காகவும் சட்டத்திருத்தத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் சமூகநலத் துறையிடம் வருகிற இல்லங்களிடம் ஒரு தாள் கேட்கட்டும்: டெபாசிட், மாதக் கட்டணம், வருஷ ஏற்றத்தின் உச்சவரம்பு, படுக்கையில் விழுந்தால் கட்டணம், வரி உள்ளா வெளியா, வெளியேறினால் எத்தனை நாளில் பணம் திரும்பும். அந்தத் தாள் இல்லத்தின் வாசலில் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டப்படட்டும். சேர வருகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் நகல் அவர் கையில் இருக்கட்டும், ஆலங்குளம் தாலுகா ஆபீஸிலும் ஒன்று இருக்கட்டும்.