ஈரக் கைகளுக்கு இரவு மருந்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோப்பவருக்கும், நாமக்கல்லில் லாரி ஓட்டுபவருக்கும் உள்ளங்கை வியர்வை வெறும் கூச்சமன்று. பிழைப்பைத் தொடும் தொல்லை. விடைத்தாள் நனையும் மாணவியும், நியாய விலைக் கடையில் விரல்ரேகை பதியாமல் நிற்பவரும் உண்டு. வீட்டாரோ, “பயந்த சுபாவம்”, “உடல் சூடு” என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். இது வியர்வைச் சுரப்பிகளை நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டுவதால் வருவது. பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிவிடும்.

முதலில் தரப்படுவது அலுமினியம் குளோரைடு கரைசல். பொதுவாக 20 விழுக்காடு. அது வியர்வை நாளங்களின் வாயை அடைக்கிறது. “பூசினேன், எரிச்சல்தான் மிச்சம்” என்று கைவிடுவோர் பலர். மருந்தைப் பழிக்குமுன் பூசிய வேளையைக் கேட்க வேண்டும் என்பேன். ஈரத்தோலில் பட்டால் அது அமிலமாகி எரிக்கும். வியர்வை அடங்கியிருக்கும் இரவில், நன்கு உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவ வேண்டும். புண், வெடிப்பு உள்ள இடத்தில் பூசலாகாது. வியர்வை குறைந்தபின் வாரம் ஒன்றிரண்டு முறை போதும். உள்ளங்கை, உள்ளங்காலின் தோல் தடித்தது. அக்குளைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

இதையும், குழாய்நீர் வழியே மென்மின்சாரம் செலுத்தும் சிகிச்சையையும் முறையாகச் செய்து பாராமல், நரம்பைத் துண்டிக்கும் அறுவைக்கு விரைவது எனக்கு உடன்பாடன்று. கை உலரும்; ஆனால் முதுகும் வயிறும் நனையத் தொடங்கலாம். அதன்பின் திரும்ப வழி அரிது.

உறக்கத்திலும் உடலெங்கும் வியர்த்து, எடையும் குறைந்தால் கரைசல் வாங்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.