மினி ஃப்ரிட்ஜில் பீர் குழாய் வைக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க

1/ போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் வீடியோ ஒண்ணு அனுப்பியிருந்தார். பழைய மினி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஓட்டை போட்டு, உள்ளே பீர் பீப்பாய், பக்கத்தில் கேஸ் சிலிண்டர், வெளியே பளபளன்னு ஒரு குழாய். திருகினா நுரையோட பீர். "டாக்டர், நாகப்பட்டினத்துல நம்ம வீட்லயும் பண்ணலாம்னு இருக்கேன். பீர்தானே, ஒண்ணும் ஆகாதுல்ல?" பதில் நீளமாப் போயிடுச்சு. அதான் இந்த இழை.

2/ முதல்லயே சொல்லிடறேன், நான் ஒழுக்க வகுப்பு எடுக்க வரலை. குடிக்கிறவங்களைக் கேவலமாப் பேசுற டாக்டர்கிட்ட யாரும் ரெண்டாவது தடவை உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அரசு மருத்துவமனை ஓ.பி.யில உட்கார்ந்து கத்துக்கிட்ட பாடம் அது. ஆனா இந்தக் கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

3/ இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம். பீப்பாயை 3, 4 டிகிரி குளிர்ச்சியில வைக்கணும். சிலிண்டர்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு, பீர் மேல லேசான அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம்தான் பீரைக் குழாய் வழியா மேல தள்ளுது, நுரையையும் காப்பாத்துது. காத்து உள்ள போகாததால வாரக்கணக்குல கெடாது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

4/ இது அமெரிக்காவில் பரவின பழக்கம். அங்கே வீட்டுக்குத் தேவையான பீரை வீட்டிலேயே காய்ச்சிக்கலாம்னு மத்திய அரசு 1978-ல் சட்டம் திருத்தினாங்க. காய்ச்சத் தெரியாதவங்க, முன்பணம் கட்டி கடையில முழு பீப்பாய் எடுத்துட்டுப் போய், காலியானதும் திருப்பிக் கொடுக்கலாம். அந்த ஊருக்கு அந்த ஃப்ரிட்ஜ் பொருந்துது.

5/ நம்ம ஊருக்கு வாங்க. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. அங்க பாட்டில் கிடைக்கும், டின் கிடைக்கும். வீட்டுக்குன்னு பீப்பாய் தர மாட்டாங்க. சரி, நாமளே காய்ச்சலாமா? 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமக் காய்ச்சினா குற்றம். சொந்தத் தென்னை மரத்துல சொந்தமாக் கள் இறக்கவே அனுமதி இல்லாத மாநிலம் இது.

6/ "காரைக்கால்ல பார்த்துக்கலாம் டாக்டர்"னு நாகூர்க்காரங்க யாராவது சொல்வீங்க. வாஞ்சூர் செக்போஸ்ட் எதுக்கு இருக்குன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தர் வீட்டில் எவ்வளவு சரக்கு வெச்சிருக்கலாம்ங்கிறதுக்கும் வரம்பு இருக்கு. ஆக, ஃப்ரிட்ஜை அறுத்து, ஓட்டை போட்டு, குழாய் மாட்டி முடிச்ச பிறகு, அதுக்குள்ள சட்டப்படி வைக்க ஒண்ணுமே இல்லை.

7/ சட்டம் என் துறை இல்லை, அதோட நிறுத்திக்கிறேன். என் துறைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பொய்ப் பயத்தை ஒழிச்சுடணும். "வீட்டுல காய்ச்சினா கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடும்"னு சொல்றாங்க. இல்லை. 2023 மே மாசம் மரக்காணத்திலயும், 60 பேருக்கு மேல செத்துப்போன 2024 ஜூன் கள்ளக்குறிச்சியிலயும் ஆளைக் கொன்னது மெத்தனால். அது தானியம் புளிச்சு வந்தது இல்லை, சாராயத்துல வந்து சேர்ந்த தொழிற்சாலை ரசாயனம்.

8/ பார்லியை ஊறவெச்சுப் புளிக்க வெச்சா அந்த அளவு மெத்தனால் வராது. இதை ஏன் சொல்றேன்னா, டாக்டர் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்டா, அடுத்து சொல்ற பத்து உண்மையையும் நீங்க நம்ப மாட்டீங்க. இனி வர்றது எல்லாம் நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

9/ முதல் கணக்கு: சிலிண்டர். 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய வந்தா சுமார் 550 லிட்டர் வாயுவாகும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு அறையோட கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். அந்த அறையில ஒரு 2 கிலோ சிலிண்டர் முழுசாக் கசிஞ்சா, காத்துல 4% கார்பன் டை ஆக்சைடு. சாதாரணமா இருக்க வேண்டியது 0.04%. அதாவது நூறு மடங்கு.

10/ அந்த 4%-ஐத்தான் உயிருக்கு உடனடி ஆபத்துன்னு தொழிலகப் பாதுகாப்பு விதிகள்ல குறிச்சிருக்காங்க. 4.5 கிலோ சிலிண்டர்னா 9%-ஐ நெருங்கும். 10% ஆச்சுன்னா சில நிமிஷத்துல நினைவு போயிடும். சோடா கம்பெனியிலருந்து பெரிய சிலிண்டரை வாடகைக்கு எடுத்தா மலிவுன்னு யோசிக்கிற ஆள் நம்ம ஊர்ல கண்டிப்பா இருப்பார். அது 30 கிலோன்னா என்ன ஆகும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

11/ சமையல் கேஸ் கசிஞ்சா மூக்குக்குத் தெரியும். அதுக்குன்னே நாத்தம் கலந்திருக்காங்க. கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால முதல்ல தரையில தேங்கும். நம்ம வீட்டுல தரையில பாய் விரிச்சுப் படுக்கிறது யாரு? குழந்தைங்களும் பாட்டியும்தான். பாழுங்கிணத்துல இறங்குறதுக்கு முன்னாடி விளக்கை இறக்கிப் பார்க்கிற நம்ம பெரியவங்களுக்கு இருந்த ஜாக்கிரதை அந்த வீடியோவுல இல்லை.

12/ நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். ஜன்னல் திறந்த ஹாலில் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சா ஒண்ணும் ஆகாது. நான் பயப்படறது ஏசி போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைச்ச படுக்கையறையை நினைச்சு. மினி ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் வைக்கிற இடமே அதுதான்.

13/ ரெண்டாவது கணக்கு: அழுத்தம். 30 டிகிரி வெயில்ல அந்தச் சிலிண்டருக்குள்ள இருக்கிறது நம்மைச் சுத்தியிருக்கிற காத்தைப்போல சுமார் 70 மடங்கு அழுத்தம். பீருக்குத் தேவையானது கார் டயர்ல இருக்கிறதுல பாதிகூட இல்லை. நடுவுல இருக்கிற ரெகுலேட்டர் ஒண்ணுதான் காவல். "அது விலை ஜாஸ்தி, வேற ஏதாவது மாட்டிக்கலாம்"னா பீப்பாய் வெடிகுண்டு ஆயிடும். கோலி சோடா பாட்டில் வெடிச்சுக் கண்ணுல அடிபட்டவங்க கதை நம்ம வீடுகள்ல கேட்டதுதானே.

14/ மூணாவது, ஃப்ரிட்ஜ். இப்ப வர்ற பல மாடல்கள்ல ஓடுற குளிரூட்டும் வாயு ஐசோபியூட்டேன். எரியக்கூடியது. அதோட குழாய்கள் பல ஃப்ரிட்ஜ்கள்ல பக்கச் சுவருக்குள்ள மறைஞ்சு போகும், வெளிய தெரியாது. தெரியாம டிரில் இறங்கினா வாயு வெளிய வரும், டிரில்லோட தீப்பொறி பக்கத்துலயே இருக்கும். அளவு சில பத்து கிராம்தான். முகம் கருக அது போதும்.

15/ சரி, நீங்க கெட்டிக்காரர். நல்ல ரெகுலேட்டர் வாங்கிட்டீங்க, சிலிண்டரை வராந்தாவுல வெச்சுட்டீங்க, டிரில்லும் சரியா இறங்கிடுச்சு. அப்பவும் என் பதில் வேண்டாம்தான். முக்கியமான காரணம் இனிமேதான் வருது.

16/ "பீர்தானே" — இந்த வார்த்தையை வார்டுல நான் கேட்காத வாரம் இல்லை. மஞ்சள் காமாலையோட, வயித்துல நீர் கோத்து, கால் வீங்கி வந்து படுத்திருப்பார். "சரக்கு தொட்டதே இல்ல சார், பீர் மட்டும்தான்." ஈரலுக்கு பிராண்டும் தெரியாது, பாட்டில் கலரும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எத்தனை கிராம் ஆல்கஹால்ங்கிற ஒரே கணக்குதான்.

17/ அந்தக் கணக்கு இது. 180 மில்லி குவார்ட்டர், 42.8%. உள்ள இருக்கிற ஆல்கஹால் சுமார் 61 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8%. சுமார் 41 கிராம். அதாவது ஒன்றரை ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டருக்குச் சமம். ஒரே உட்கார்வுல 60 கிராம் தாண்டினா அதை அதீதக் குடின்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குல எடுத்துக்குது.

18/ இப்ப உங்க ஃப்ரிட்ஜுக்கு வருவோம். 20 லிட்டர் பீப்பாய், சாதாரண 5% பீர்னே வெச்சுக்குவோம். அதுக்குள்ள சரியா 1 லிட்டர் சுத்தமான ஆல்கஹால். 13 குவார்ட்டர். தினம் சாயங்காலம் அரை லிட்டர் கிளாஸ்ல ரெண்டு பிடிச்சா ஒரு நாளைக்கு 40 கிராம், வாரத்துக்கு 280 கிராம். "வாரத்துக்கு நாலரை குவார்ட்டர் அடிக்கிறேன்"னு உங்க வீட்டுல சத்தமாச் சொல்லிப் பாருங்க. "சாயங்காலம் ரெண்டு கிளாஸ் பீர்"ங்கிறதுக்கும் அதுக்கும் ஒரு கிராம்கூட பெரிசா வித்தியாசம் கிடையாது.

19/ நாம கடைமடைக்காரங்க. மேட்டூர்ல திறந்த தண்ணி நம்ம வயலுக்கு வர எத்தனை மதகு, எத்தனை ஷட்டர் தாண்டி வரணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிக்கும் அப்படி வழியில ஷட்டர்கள் இருக்கு. கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், ராத்திரி 10 மணிக்கு மூடிடும். வண்டி எடுத்துட்டுப் போகணும். கையில காசு இருக்கணும். தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களோன்னு ஒரு கூச்சம். பையில பாட்டில் சத்தம் கேட்டா வாசல்ல வீட்டுக்காரம்மா முகம். கடைசியா, பாட்டிலோட அடி.

20/ இதுல எதுவும் பெரிய தடை இல்லை. ஆனா எல்லாம் சேர்ந்துதான் ரெண்டுல நிக்கிற ஆளை ரெண்டுல நிறுத்தி வைக்குது. குடியை விடணும்னு வர்றவங்ககிட்ட மாத்திரையோட சேர்த்து நான் சொல்ற முதல் விஷயம் என்ன தெரியுமா? "வீட்டுல வெச்சுக்காதீங்க. கடைப் பக்கம் போற ரோட்டை மாத்துங்க." தூரமும் ஒரு மருந்து. செலவில்லாத மருந்து.

21/ ஹால்ல இருக்கிற குழாய் இத்தனை ஷட்டரையும் ஒரே நாள்ல தூக்கி விட்டுடுது. 24 மணி நேரமும் திறந்த கடை, பத்து அடி தூரத்துல. வாரக்கணக்குல கெடாதுன்னு மேல சொன்னேன் இல்லையா, இப்ப அது வசதி இல்லை, ஆபத்து. "எவ்வளவு குடிக்கிறீங்க?"னு நான் கேட்டா பாட்டில் கணக்கு சொல்றவர் பதில் சொல்லிடுவார். குழாய்க்காரரால சொல்ல முடியாது. பாதி கிளாஸ் இருக்கும்போதே திரும்பப் பிடிச்சுக்கிட்டா அது மூணாவதா நாலாவதா? பொய் சொல்றதில்லை அவர். உண்மையிலேயே தெரியாது.

22/ இதைச் சோதிச்சுப் பார்த்த காலமும் ஒண்ணு இருந்தது. 2020 ஊரடங்கு. மார்ச் கடைசி வாரம் மூடின கடைகள் மே 7-ம் தேதிதான் திறந்தாங்க. ரொம்ப அடிமையாகியிருந்தவங்களுக்கு முதல் சில நாள்லயே கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் வந்தது. அது உண்மை. ஆனா "கடை இல்லை, அப்படியே விட்டுப்போச்சு சார்"னு பிறகு என்கிட்ட வந்து சொன்னவங்களும் உண்டு. அவங்க மனசு மாறலை. தூரம் மாறுச்சு, அவ்வளவுதான்.

23/ "ஹாட்டை விட்டுட்டு பீருக்கு வந்தா நல்லதுதானே?" கிராம் குறைஞ்சா நல்லதுதான். 13 குவார்ட்டரை வீட்டுல நிரப்பி வெச்சுட்டு கிராம் குறையும்னு நினைக்கிறதுதான் வேடிக்கை. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுல சேர்த்தது 1988-ல். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு 2023 ஜனவரியில அந்த நிறுவனமே சொல்லிடுச்சு. பீருக்குத் தனி விலக்கு கொடுக்கலை.

24/ "எனக்குக் கட்டுப்பாடு இருக்கு டாக்டர்." நம்புறேன். ஆனா அந்த வீட்டுல நீங்க மட்டுமா இருக்கீங்க? பதினாலு வயசுப் பையனுக்கும் அது பத்து அடி தூரத்துலதான். பாட்டில்னா ஒண்ணு குறைஞ்சா தெரியும். குழாய்ல ஒரு டம்ளர் குறைஞ்சா யாருக்குத் தெரியும்? "அப்பாவுக்கு ஒரு கிளாஸ் பிடிச்சுட்டு வாடா"ன்னு நீங்களே ஒருநாள் சொல்வீங்க, தண்ணி கேட்கிற மாதிரி. அந்த நாள் வரக்கூடாதுன்னுதான் இவ்வளவும் எழுதறேன்.

25/ முக்கியம்: தினமும் குடிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு ரோஷத்துல இன்னிக்கே சட்டுன்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க, மருந்தோட நிறுத்தலாம். போன்ல பேசணும்னா 14446, போதை மீட்பு உதவி எண். தமிழ்நாடு மருத்துவ உதவிக்கு 104. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க.

26/ தம்பிக்குக் கடைசியா. கையில திறமை இருக்கு, மினி ஃப்ரிட்ஜும் இருக்கு. நல்லது. உங்க தெருவுல இன்சுலின் போடுறவங்க எத்தனை பேர்னு ஒரு நடை விசாரிச்சுப் பாருங்க. 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய மருந்து அது. வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாம, ஈர மணல்ல பதிச்ச மண்பானைக்குள்ள வெச்சு, மே மாச வெயிலைத் தாண்டுற அம்மாக்கள் என் ஓ.பி.யில உண்டு.

27/ அதனால டிரில்லைக் கீழ வைங்க. அந்த ஃப்ரிட்ஜை ஓட்டை இல்லாம அவங்கள்ல ஒருத்தர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. பிளக் பாயிண்ட்ல எர்த் இருக்கான்னு பார்த்து மாட்டிக் கொடுங்க. இன்சுலினை ஃப்ரீசர்ல வைக்கக்கூடாதுன்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லிட்டு வாங்க.